மெய்டனின் அடுத்த ஆல்பம்: நீளத்தை விடுங்கள், கத்திரி யார் கையில் என்று பாருங்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் என்று சுற்றுவட்டாரத் தமிழ்ப் பையன்கள் ஐந்தாறு பேர், எல்லோருக்குமே அயர்ன் மெய்டன் என்கிற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு மேல் பைத்தியம். அடுத்த ஆல்பம் எண்பதுகளின் பாணியில் சிக்கென்று இருக்க வேண்டும் என்று பாதிப் பேர். 2000க்குப் பிறகு வந்த நீண்ட பாட்டுகள்தான் முதிர்ந்த இசை, அதே வழியில் போகட்டும் என்று மீதிப் பேர். டிரம்மரே போய்விட்டார், புதிதாக வந்தவர் வெளியாள், இனி ஆல்பமே வேண்டாம், பழசை வாசித்துவிட்டு ஓய்வெடுக்கட்டும் என்று ஒருவர். "யார் சொல்வது சரி? பாட்டெல்லாம் ஏன் இப்படி நீண்டுபோனது?" என்பது கேள்வி.

எனக்கு ஒலிப்பதிவுதான் தொழில், கை ஊறும்போது பேஸும் வாசிப்பேன். அதனால் என் பதில் கொஞ்சம் ஸ்டுடியோ பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'எண்பதுகள் என்றால் சின்னப் பாட்டு, அப்புறம் வந்தது பெரிய பாட்டு' என்கிற கணக்கைக் கிழித்துப் போட வேண்டும். 1980இல் வந்த முதல் ஆல்பத்திலேயே 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' 7 நிமிடத்தைத் தாண்டுகிறது. காலப்பிரமாணம் எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். 1982 ஆல்பம் முடிவது இன்னொரு 7 நிமிடப் பாட்டில். 1984இல் 'பவர்ஸ்லேவ்' முடிவது கோல்ரிட்ஜின் கவிதையை வைத்து எழுதிய, 14 நிமிடத்தை ஒட்டிய பாட்டில். 1986இல் அலெக்சாண்டரைப் பற்றிய பாட்டு எட்டரை நிமிடம், 1988 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 10 நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. குழுவின் தலைவரும் பேஸ் வாசிப்பவருமான ஸ்டீவ் ஹாரிஸ், ப்ராக் (ப்ரோக்ரசிவ் ராக், நீண்டு பல கட்டங்களாகப் போகும் ராக்) வாசித்த ஜெத்ரோ டல், ஜெனிசிஸ் எல்லாம் கேட்டு வளர்ந்த ஆள்; அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆகவே 'மெய்டன் பின்னாளில் ப்ராக் ஆகிவிட்டது' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் ஏதோ மாறிவிட்டது என்று காதுக்குத் தோன்றுகிறதே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் மாறியது பாட்டின் நீளம் இல்லை. வேலை நடக்கிற விதம் மாறியது.

எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதற்கு மேல் போனால் பள்ளங்கள் நெருங்கி, சத்தம் சன்னமாகும், பேஸ் போய்விடும். 1982 ஆல்பம் மொத்தமே சுமார் 40 நிமிடம், எட்டுப் பாட்டு. 'பவர்ஸ்லேவ்' 51 நிமிடம், ஒற்றைத் தட்டுக்கு அதுவே திணிப்புதான். அதில் 14 நிமிடத்தை ஒரே பாட்டு எடுத்துக்கொண்டால் மற்ற ஏழும் தானாக இறுகித்தானே ஆக வேண்டும்? ஒரு பாட்டுக்கு இடம் கொடுக்க இன்னொன்றை வெட்ட வேண்டும் என்கிற நெருக்கடி தட்டுக்குள்ளேயே இருந்தது. சிடி வந்ததும் அந்த நெருக்கடி போயிற்று. 1992இல் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பன்னிரண்டு பாட்டுகளோடு வந்தது; அதில் பாதியை யாரும் இன்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்றால் என்னை அடிக்க வராதீர்கள்.

அதோடு ஒருவர் விடைபெற்றுப் போனார். தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச். டீப் பர்ப்பிள், ரெயின்போ, பிளாக் சாபத் என்று கையைப் பழக்கிக்கொண்டு வந்தவர். 1981இன் 'கில்லர்ஸ்' தொடங்கி 1992 வரை மெய்டன் ஆல்பங்களை எடுத்தவர் அவர்தான். அதோடு தொழிலையே விட்டுவிட்டார், 2020இல் காலமானார். ஹாரிஸ் முன்னால் நின்று 'இது போதும், அடுத்ததுக்குப் போவோம்' என்று சொல்லக்கூடிய வயதும் அனுபவமும் அவருக்கு இருந்தது.

அவர் போனதும் என்ன ஆயிற்று பாருங்கள். 1995இல் 'தி எக்ஸ் ஃபேக்டர்'. எசெக்ஸில் ஹாரிஸின் சொந்த ஸ்டுடியோவில் பதிவானது, தயாரிப்பிலும் அவர் பெயர் இருக்கிறது. 71 நிமிடம். முதல் பாட்டே 11 நிமிடம். நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் பின்னால் வந்த தயாரிப்பாளர் கெவின் ஷர்லியைத் திட்டுவார்கள். அவர் 2000இல்தான் வந்தார். இழுவை அதற்கு ஐந்து வருஷம் முன்பே வந்துவிட்டது. 1998 ஆல்பத்தில் 10 நிமிடத்தை நெருங்கும் ஒரு பாட்டு இருக்கிறது, 'தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்'. பல்லவி வரி சுற்றிச் சுற்றி வந்து, 'இன்னுமா?' என்று நாமே கேட்கிற அளவுக்குப் போகும். சரணம் முடிந்த பிறகும் நிரவலை விட மனமில்லாத பாடகரின் கச்சேரியில் உட்கார்ந்திருப்பது போல. நான்கு நிமிடத்தில் நின்றிருந்தால் அது நல்ல பாட்டு. அன்றைக்கு ஸ்டுடியோவில் கத்திரி வைத்திருந்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஒத்திகை விஷயம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். எண்பதுகளில் இவர்கள் ஜெர்சி தீவில் ஒரு ஹோட்டலை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்து எழுதுவார்கள், வாசித்து வாசித்துப் பாட்டு கையில் ஊறிய பிறகு பஹாமாஸில் காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். 'பீஸ் ஆஃப் மைண்ட்', 'பவர்ஸ்லேவ்' இரண்டும் அப்படி வந்தவை. ஒரு பாட்டைப் பல நாள் சேர்ந்து வாசித்தால் எந்த இடம் சலிக்கிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நான்கு சுற்று தானாக இரண்டு சுற்றாகும். இங்கே மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாம் ரூமில் வாசிக்கிற எந்தப் பையனுக்கும் இது புரியும். 2019இல் பாரிஸில் 'சென்ஜுட்சு' ஆல்பம் பதிவானபோது நடந்தது நேர்மாறு. ஹாரிஸ் நாட்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள், அவர் வெளியே வந்ததும் துண்டு துண்டாகக் கற்றுக்கொண்டு அங்கேயே பதிவு. அதில் ஒரு புத்துணர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சலிக்கிற இடத்தை விரல் கண்டுபிடிக்கும் முன்பே டேக் ஓகே ஆகிவிடுகிறது.

'சென்ஜுட்சு' 82 நிமிடம். ஒரு சிடியில் அடங்காமல் இரண்டாக வந்தது. கடைசி மூன்று பாட்டும் ஹாரிஸ் தனியாக எழுதியவை, மூன்றும் சேர்ந்து 34 நிமிடம். 1982 ஆல்பம் முழுவதுமே இதைவிட ஐந்தாறு நிமிடம்தான் அதிகம்! அந்த மூன்றையும் வரிசையாக, வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள். அச்சு ஒன்றுதான் என்று தெரியும். பேஸோ கிட்டாரோ தனியாக, மெதுவாக, ஒரு மெட்டைக் கோடு காட்டும். டிரம்ஸ் நுழையும். அதே மெட்டை இப்போது கிட்டார்கள் கனத்து வாசிக்கும். பாட்டு தொடங்கும்போது குரலும் அந்த மெட்டின் மேலேயே, ஒரு ஸ்வரம் விலகாமல் ஏறி நடக்கும். அடியில் கீபோர்டும் அதையேதான் வாசிக்கும். நடுவில் வேகம் மாறும், மூன்று கிட்டார்காரர்களுக்கும் ஆளுக்கொரு சோலோ, பிறகு திரும்பி வந்து ஆரம்பத்து மெட்டிலேயே அடங்கும். தனித்தனியாக எடுத்தால் மெட்டுகள் அபாரம். 'ஹெல் ஆன் எர்த்' கேட்டு எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். ஆனால் குரல், கிட்டார், கீபோர்டு மூன்றும் ஒரே கோட்டில் நடந்தால், எல்லா ஒலியையும் கலக்கிற மிக்ஸில் இடமே இருக்காது. எதை ஏற்றினாலும் மற்றது மறையும். மூன்று கிட்டார் இருந்தும் ஒரு கிட்டார்போலக் கேட்கிறதே என்று உங்களில் யாரோ குறைப்பட்டிருந்தால், காரணம் இதுதான்.

இதோடு அந்தக் கோல்ரிட்ஜ் பாட்டை வைத்துப் பாருங்கள். நடுவில் எல்லா ஓசையும் விழுந்து, பேஸ் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். கப்பல் பலகை கிரீச்சிடும். ஒரு குரல் கவிதையை வாசிக்கும். கிட்டார் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அழுத்தம் கூடிக்கூடி, பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் கத்தும்போது வெடிக்கும். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் கதை நகர்கிறது, அதோடு இசையும் நகர்கிறது. 14 நிமிடம் போனதே தெரியாது. நீளம் ஒருநாளும் குற்றம் இல்லை என்று நான் சொல்வதற்கு இந்தப் பாட்டே சாட்சி.

இதனால் 2000க்குப் பிறகு வந்ததெல்லாம் வீண் என்று எண்பதுகள் கட்சி குதிக்க வேண்டாம். 2006இல் வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' என் கணக்கில் அவர்களுடைய தலைசிறந்த ஐந்து ஆல்பங்களில் ஒன்று. 72 நிமிடம், இருந்தும் நிற்கிறது. பெரும்பாலும் ஒன்றாக நின்று நேரடியாக வாசித்துப் பதிந்தார்கள். மிக்ஸுக்குப் பிறகு ஒலியைச் சீர்ப்படுத்துகிற கடைசி வேலையான மாஸ்டரிங்கே செய்யாமல் விட்டார்கள். மாஸ்டரிங் என்ற பெயரில் எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துக் கட்டிய காலம் அது. இதில் மட்டும் மெல்லிய இடம் மெல்லிசாகவே இருக்கும், அடி விழும் இடத்தில் அடி விழும். நல்ல ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். அதில் ஹாரிஸ் தனியாக எழுதிய 9 நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது, 'ஃபார் தி கிரேட்டர் குட் ஆஃப் காட்'. சொல்ல விஷயம் இருந்து எழுதியது. ஹாரிஸ் தனியாக எழுதினாலே இழுவை என்கிற பேச்சும் அதனால் செல்லாது.

பெங்களூருக்காரர்களுக்கு இந்த வழக்கில் ஒரு தனி வசதி உண்டு. 2007 மார்ச் 17 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் வந்து வாசித்தது அந்த 2006 ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தில்தான். இந்தியாவில் இந்த அளவில் தனிக் கச்சேரி நடத்திய முதல் பெரிய மெட்டல் குழு என்று இதைத்தான் சொல்வார்கள். டெல்லியின் பரிக்ரமா குழு அவர்களுக்கு முன்னால் வாசித்தது. 2009 பிப்ரவரியில் அதே மைதானத்துக்கு மறுபடி வந்தபோது, பட்டியல் ஏறக்குறைய முழுவதும் எண்பதுகள். ஒரே ஊர், ஒரே மைதானம், இரண்டு மெய்டன். உங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் எந்த வருஷம் போனார்கள் என்று விசாரித்தால் பாதிப் பேர் எந்தக் கட்சி என்பது விளங்கிவிடும்.

நான் இரண்டுக்கும் போனேன். 2009இல் கூட்டம் தொண்டை கிழியப் பாடியது, சந்தோஷமாக இருந்தது; எல்லாம் தெரிந்த பாட்டு, எங்கே கையைத் தூக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். 2007இல் புதுப் பாட்டு வந்தபோது என் பின்னால் இருந்தவர்கள் பலர் தண்ணீர் தேடிப் போனார்கள், முன்வரிசை மட்டும் வரி விடாமல் பாடியது. ஆனால் மேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டுகளின்போது ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கவனித்து வாசித்தார்கள். பழைய பாட்டில் அந்தக் கவனம் தேவையே இல்லை, கை தானாக ஓடும். நான் ஆல்பம் வேண்டும் என்று சொல்கிற கட்சியில் நிற்பது இதனால்தான்.

அடுத்த ஆல்பம் எந்தத் திசையில் போகலாம் என்பதற்கு விடை வெளியே எங்கும் இல்லை, 'சென்ஜுட்சு'வுக்குள்ளேயே இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற ஏட்ரியன் ஸ்மித்தும் டிக்கின்சனும் சேர்ந்து எழுதிய மூன்று பாட்டுகளை எடுங்கள். 'தி ரைட்டிங் ஆன் தி வால்' 6 நிமிடம், 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' 4 நிமிடம், 'டார்க்கஸ்ட் ஹவர்' 7 நிமிடம். குரல் கிட்டாரை விட்டு விலகித் தன் வழியில் போகிறது, பல்லவிக்கு இடைவெளி இருக்கிறது, சோலோ பாட்டுக்குள்ளிருந்து முளைக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். டிக்கின்சன் 1958இல் பிறந்தவர். 2014 கடைசியில் நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, சிகிச்சை முடிந்து மீண்டு வந்த குரல் அது. ஹாரிஸின் மெட்டுகள் அந்தக் குரலை எப்போதும் உச்சியில் நிறுத்துகின்றன. மெய்டன் சுருதியை இறக்கியும் வாசிப்பதில்லை. டிக்கின்சன் தனக்கென்று எழுதும்போது நடு ஸ்தாயியில் அடக்கிப் பாடிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மேலே போகிறார். 2024இல் வந்த அவருடைய தனி ஆல்பத்தில் அந்தக் குரல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று கேளுங்கள். பிரச்சினை தொண்டையில் இல்லை, யார் எழுதுகிறார்கள் என்பதில்.

டிரம்மர் விஷயத்துக்கு வருகிறேன். நிக்கோ மெக்பிரெய்ன் 1982 கடைசியில் வந்தவர். ஒற்றை பெடலை வைத்துக்கொண்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்' வாசித்த கால் அது. இரட்டை பெடல் வைத்திருக்கிற நம் பையன்களுக்கே அது சுலபம் இல்லை. 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதித்தது. சில மாதங்களிலேயே எழுந்துவந்து அந்த மே மாதம் மேடை ஏறினார், வேகமான ரோல்கள் சிலவற்றைத் தவிர்த்துக்கொண்டு. 2024 டிசம்பரில் சாவ் பாலோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்திலிருந்து விலகினார். இடத்துக்கு வந்தவர் சைமன் டாசன். ஹாரிஸின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் வாசிக்கிறவர், 2025 மே மாதம் புடாபெஸ்ட்டில் மெய்டனோடு முதல் மேடை. 'வெளியாள்' என்று உங்கள் நண்பர் சொல்வது அவ்வளவு பொருந்தாது. ஹாரிஸின் பேஸோடு வருஷக்கணக்காகப் பழகிய கை. 2020இல் வந்த பிரிட்டிஷ் லயனின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டால் பிடிபடும்: நேரடியான அடி, அலங்காரம் குறைவு. நிக்கோவின் அடியில் ஜாஸ் வாசனையோடு ஒரு குலுக்கல் இருக்கும், தாளத்துக்கு மயிரிழை பின்னால் சாய்ந்து விழும். நீண்ட பாட்டுகளைச் சலிக்காமல் தாங்கியதில் பாதிப் பங்கு அந்தக் குலுக்கலுக்குத்தான். நேரடி அடியில் 12 நிமிடப் பாட்டு இன்னும் நீளமாகத் தெரியும், 5 நிமிடப் பாட்டு இன்னும் விறுவிறுப்பாகும். டாசனை வைத்து ஆல்பம் எடுத்தால் பாட்டைச் சுருக்குவதுதான் புத்தி.

சுருக்குவது என்றால் 'பவர்ஸ்லேவ்'வின் நகல் எடுப்பது இல்லை. 2025 சுற்றுப்பயணத்தின் பட்டியலையே 1980 முதல் 1992 வரைக்குள் அடக்கிக்கொண்டார்கள், ஐம்பது வருஷக் கொண்டாட்டம் என்பதால். அந்த ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதுக் கோபத்தோடு எழுதியதை எழுபதை எட்டும் வயதில் திரும்ப எழுதச் சொல்வது, நம் ஊரில் 'பழைய ராஜா வேண்டும்' என்று அடம்பிடிக்கிறவர்கள் பேச்சு மாதிரிதான். எனக்கு வேண்டியது 45, 50 நிமிட ஆல்பம். ஸ்மித்–டிக்கின்சன் பாட்டு மூன்று, நான்கு. மற்ற இரண்டு கிட்டார்காரர்களில் யானிக் கெர்ஸ் ஒன்று கொண்டுவரட்டும். டேவ் மர்ரே எப்போதாவது எழுதுகிறவர், எழுதினால் ஏமாற்றமாட்டார், அவருக்கும் ஒன்று. ஹாரிஸுக்கு ஒரே ஒரு பெரிய பாட்டு, 15 நிமிடம் போனாலும் சரி. ஆனால் ஒன்றே ஒன்று, மூன்று இல்லை. கீபோர்டைப் பாதி இடங்களில் அணைத்து வைக்கட்டும். பதிவுக்கு முன்னால் ஒரு மாதம் எங்காவது உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கட்டும்.

நடக்குமா? ஹாரிஸ் இணைத் தயாரிப்பாளராக உட்கார்ந்திருக்கும்வரை எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குழுவை 1975இல் தொடங்கியவர் அவர், பாட்டுகளில் பெரும்பகுதி அவருடையது. அவரிடம் 'வெட்டு' என்று சொல்ல எந்தத் தயாரிப்பாளருக்கும் பர்ச்சின் துணிச்சல் வேண்டும். ஆகவே அடுத்த ஆல்பம் அறிவிப்பு வரும் நாளில் உங்கள் கூட்டம் அட்டைப்படத்தில் குழுவின் சின்னமான எடி என்கிற பூதத்தின் வேஷத்தைப் பற்றிச் சண்டை போடட்டும், நீங்கள் பொடி எழுத்தைப் படியுங்கள். தயாரிப்பு யார், எங்கே பதிவு, எந்தப் பாட்டுக்கு எந்தெந்தப் பெயர். புதிதாக ஒரு தயாரிப்பாளர் பெயர் இருந்தால், மொத்தம் 80 நிமிடம் என்று போட்டிருந்தாலும் பயப்படாமல் வாங்கலாம்.